தள்ளுவண்டிக் கணக்கு நோட்டில் ஏறிய இளைப்பு: வடசென்னைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில், மகளின் ஆஸ்துமாவுக்காக 2022 நவம்பர் முதல் 2024 தொடக்கம் வரை நாங்கள் கவனித்த ஒரு குடும்பத்தையும் அது சுவாசித்த காற்றையும் பற்றிய பதிவு இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். பொதுவாக மருத்துவர்கள் எழுதும் நிகழ்வுக் குறிப்பில் நோய் இருக்கும், மருந்து இருக்கும், பணம் இருக்காது. இதில் பணம் வருகிறது. குழந்தையின் அம்மா வியாபாரத்துக்காக வைத்திருந்த நோட்டில் எல்லாச் செலவையும் எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

பின்னணி

குடும்பத்தில் நான்கு பேர். அப்பாவுக்கு வயது 44, இருபது ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டுகிறார். புகைப்பழக்கம் கிடையாது. அம்மா மாலை ஐந்து மணிக்குமேல் தள்ளுவண்டியில் இட்லி, போண்டா விற்கிறார். மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. கூடவே அம்மாவைப் பெற்ற பாட்டி. எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஒரே வராண்டாவைச் சுற்றி ஐந்து குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், தரைத்தளத்தில் ஓர் அறையும் சின்னச் சமையலறையும். வாடகை 5,500 ரூபாய்.

அந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் அந்தச் சாலையில் மணிக்கணக்காக வரிசை கட்டி நிற்கும். வரிசை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐம்பது அடி நகரும். அதனால் பெரும்பாலான டிரைவர்கள் இன்ஜினை அணைப்பதில்லை. வடக்கே மணலியின் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரம், ரசாயனத் தொழிற்சாலைகளும். அதற்கும் வடக்கே அனல்மின் நிலையங்கள். மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு. எந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று மூக்கால் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

அளவுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் பிஎம் 2.5 துகள்கள்தான் நுரையீரலின் அடி ஆழம்வரை போகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009இல் வகுத்த இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15. அது நான்கு மடங்கு வித்தியாசம். ஆண்டுச் சராசரியில் எட்டு மடங்கு: இங்கே 40, அங்கே 5. ஆகவே காற்றின் தரத்தைக் காட்டும் செல்போன் செயலியில் பச்சை நிறம் தெரிகிறது, 'திருப்திகரம்' என்று போட்டிருக்கிறது என்பதற்காக ஆஸ்துமாக் குழந்தைக்கு அது நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது எங்களுக்கே சங்கடமாக இருக்கும். செயலியை நம்பு என்றும் சொல்கிறோம், முழுக்க நம்பாதே என்றும் சொல்கிறோம்.

முதல் வருகை: நவம்பர் 2022

தீபாவளி முடிந்து மழை தொடங்கியிருந்த நேரம். அம்மாவும் பாட்டியும் சிறுமியை அழைத்து வந்தார்கள். ஆகஸ்டிலிருந்து இரவில் இருமல், படிக்கட்டு ஏறினால் இளைப்பு. நடுவில் ஓர் இரவு மூச்சு வாங்க முடியாமல் போய், அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்து ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பள்ளி திறந்ததிலிருந்து அதுவரை 23 நாள் வகுப்புக்குப் போகவில்லை.

பாட்டி ஒரு மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். பாதி தீர்ந்த சிரப் பாட்டில்கள், மூன்று விதமான ஆன்டிபயாடிக் அட்டைகள், சளிக்கு ஒன்று, அலர்ஜிக்கு ஒன்று. ஒரு பாட்டிலின் மூடி சர்க்கரை கட்டி இறுகிப்போய் இருந்தது. நான்கு வெவ்வேறு கிளினிக்குகளின் சீட்டுகள். அவற்றில் எதிலும் 'ஆஸ்துமா' என்ற சொல் இல்லை. 'வீசிங்', 'அலர்ஜிக் இருமல்', 'நெஞ்சுச் சளி' என்றுதான் எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்துமா என்று சொன்னால் குடும்பம் அடுத்த முறை வேறு டாக்டரிடம் போய்விடும் என்ற பயம் தெருமுனை மருத்துவர்களுக்கு இருக்கிறது. பெண்குழந்தை என்றால் அந்தப் பயம் இரட்டிப்பு.

சோதனையில் நெஞ்சின் இரண்டு பக்கமும் விசில் சத்தம். ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்லி, சுவாசக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னோம். மருந்துக்குப் பின், முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு 12 சதவீதத்துக்கு மேலே கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான ஆதாரம். இந்தச் சிறுமிக்கு அதைத் தாண்டித் தெளிவாகவே கூடியது.

நோட்டைத் திறந்தபோது

இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கேட்டதற்கு அம்மா சட்டென்று சொன்ன பதில், "பதினோராயிரத்து ஐந்நூறு." அந்த ஓர் இரவு மருத்துவமனைச் செலவை மட்டும்தான் அவர் செலவாக நினைத்திருந்தார். அதற்காகக் கம்மலை அடகு வைத்ததால் அது மனதில் நின்றுவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதைத் தேடி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சேர்ந்திருந்தாலும் வெளிநோயாளிச் செலவுக்கு, அதாவது மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு, அட்டை உதவியிருக்காது.

அடுத்த வாரம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் கணக்குகளுக்கு நடுவே 'பாப்பா நெபு 150', 'டாக்டர் 200', 'சிரப் 118' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. வண்டி போடாத நாட்களில் வெறும் கோடு. எங்கள் சமூகப் பணியாளர் உட்கார்ந்து ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கூட்டிப் பார்த்தார்.

கிளினிக், நெபுலைசர், மருந்துக்கடை சேர்த்து 7,400. மருத்துவமனை 11,500. மகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததாலும் இரவெல்லாம் விழித்ததாலும் அப்பா ஆட்டோ எடுக்காத நாட்கள் 11. எரிபொருள் போகக் கையில் நிற்பது நாளுக்கு 700 என்று வைத்தால் 7,700. அம்மா வண்டி போடாத நாட்கள் 14, நாளுக்கு 400 வீதம் 5,600. ஆக மொத்தம் 32,200 ரூபாய். அடகு வட்டி இதில் சேரவில்லை. குடும்பத்தின் மாத வருமானம், எல்லாம் நல்லபடியாகப் போனால், 27,500. நான்கு மாதத்தில் ஒரு மாதச் சம்பாத்தியத்துக்கும் மேலே போயிருக்கிறது.

மருத்துவமனை பில்லைவிட, ஓடாத ஆட்டோவும் போடாத வண்டியும் சேர்ந்து தின்றது அதிகம்: 13,300. இந்தத் தொகைக்கு ரசீது கிடையாது. எந்தக் காப்பீடும் இதைத் தராது. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இது வராது.

நாட்டளவிலும் காற்று மாசின் பெரிய இழப்பு உழைப்பில்தான் கணக்காகிறது. 2019ஆம் ஆண்டுக்கு லான்செட் குழும இதழில் வந்த இந்திய மாநிலங்களுக்கான ஆய்வு, காற்று மாசால் இந்தியாவில் 16.7 லட்சம் மரணங்கள், அதாவது மொத்த மரணங்களில் 17.8 சதவீதம், என்று மதிப்பிட்டது. பொருளாதார இழப்பு சுமார் 2.6 லட்சம் கோடி ரூபாய், நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.36 சதவீதம். அகால மரணத்தாலும் நோயாலும் இழந்த உற்பத்தியின் மதிப்பு அது. அதில் நோயின் பங்கு ஐந்தில் ஒன்றைவிடச் சற்று அதிகம், மீதி மரணத்தால் வந்தது. இட்லி வண்டிக்கு ஒரு நாள் லீவு விட்டால் அது இத்தகைய கணக்குகளில் எவ்வளவு துல்லியமாக ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

வீட்டில் பார்த்தது

டிசம்பரில் சமூகப் பணியாளரும் நானும் வீட்டுக்குப் போனோம். ஜன்னல் சாலைப் பக்கம். அதன் கீழேதான் சிறுமியின் பாய். காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் மாலைக்குள் கறுப்பாக ஒரு பூச்சு படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிராமல் மைபோல் ஒட்டியது. மண்தூசி இப்படி ஒட்டாது, டீசல் கரி ஒட்டும்.

ஆனால் புகை முழுவதும் வெளியிலிருந்து வரவில்லை. பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். கொசு தாங்காமல் ஏழு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருளை ஏற்றுகிறார்கள், அது விடியும்வரை எரிகிறது. செவ்வாய், வெள்ளி சாம்பிராணி. வராண்டா மூலையில் ஐந்து குடித்தனங்களும் மரத்துண்டு போட்டு வெந்நீர் காய்ச்சும் அடுப்பு. வண்டிக்கான போண்டாவை அம்மா வீட்டுக்குள்ளேயே பொரித்து எடுக்கிறார்.

தெரிந்தவர் ஒருவரிடம் கையடக்க அளவி இரவல் வாங்கிப் போயிருந்தோம். விலை குறைந்த இந்தக் கருவிகள் காற்றில் ஈரம் அதிகமானால் கூட்டிக் காட்டும், எனவே அதன் எண்களை இங்கே தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: சாலையோரம் நின்றபோது காட்டியதைவிட, ஜன்னல் சாத்திய அறையில் சுருள் எரியும்போது பல மடங்கு அதிகமாகக் காட்டியது. மூடிய அறையில் ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் பிஎம் 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அப்பா அன்று வீட்டில் இருந்தார். "நான் ஒரு பீடிகூடக் குடிச்சதில்ல டாக்டரம்மா" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இருமினார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, அது 'ரோட்டு இருமல்', ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருக்கும் உண்டு என்று சிரித்தார். அவரையும் மருத்துவமனைக்கு வரச் சொன்னோம். வர மூன்று மாதம் ஆனது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு மருந்து. சிரப்புகள், ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் நிறுத்தினோம். சுவாசக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் புடெசொனைடு இன்ஹேலர் தினம் இரு வேளை, குறைந்த அளவில், மருந்தைத் தேக்கி நிதானமாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழாய் வைத்து. இளைப்பு வந்தால் மட்டும் சால்புடமால் இன்ஹேலர். உடனடி நிவாரண மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் வீக்கம் உள்ளேயே இருக்கும், அடுத்த புகை நாளில் மறுபடி மூச்சு அடைக்கும்.

பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "இப்பவே பம்ப் வெச்சுப் பழக்கிட்டா, நாளைக்குக் கட்டிக் குடுக்குறப்ப என்னன்னு சொல்றது?" என்றார். இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கினால் மருந்து குப்பைத்தொட்டிக்குப் போகும் என்பது எங்கள் அனுபவம். எனவே அவரிடமே கணக்காகச் சொன்னோம். சால்புடமால் சிரப் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம், அது வயிற்றுக்குள் போய் உடம்பெல்லாம் சுற்றுகிறது. அதனால்தான் பாப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், சிரப்பில் இருபதில் ஒரு பங்கு, அதுவும் நேராக நெஞ்சுக்கு. ஸ்டீராய்டு இன்ஹேலரால் வளர்ச்சியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரவில் தூங்க முடியாத குழந்தை எப்படி வளரும் என்று அம்மாவே பாட்டியைத் திருப்பிக் கேட்டார்.

அதன்பின் மருந்து கொடுக்கும் பொறுப்பைப் பாட்டியிடமே விட்டோம். குலுக்கு, ஒரு அழுத்து, ஆறு மூச்சு. பாட்டி ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார், சிறுமி குழாய்க்குள்ளிருந்து கண்ணால் சிரிப்பாள். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். காலண்டரில் பாட்டி போட்ட டிக் குறிகள் எங்கள் கோப்பைவிட ஒழுங்காக இருந்தன. தள்ளுவண்டியிலும் ஓர் இன்ஹேலர் இருக்கட்டும் என்று, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் துளை போட்டு இன்னொரு ஸ்பேசர் செய்து கொடுத்தோம். இது வெறும் சமாளிப்பு கிடையாது. கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக இது வேலை செய்யும் என்று தென்னாப்பிரிக்காவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

இரண்டாவது, வீடு. கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. பாயை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றுவது. காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. ஜன்னலை எப்போது திறப்பது என்பதில் சென்னைக்கு ஒரு வசதி இருக்கிறது. இரவிலும் விடியற்காலையிலும் காற்று அசையாமல், புகை தரையோடு தங்கும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று ஏறினால் கொஞ்சம் கலைந்துபோகும். எனவே காலை எழுந்ததும் ஜன்னலைத் திறக்கும் பழக்கத்தை மாற்றி, மதியத்துக்குமேல் திறக்கச் சொன்னோம். போண்டா பொரிப்பதை வண்டிக்கே மாற்ற அம்மா சம்மதித்தார்.

காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றோம். கதவு எந்நேரமும் திறந்து மூடும் ஓர் அறையில் அதன் பயன் குறைவு. வடிகட்டியை மாற்றும் செலவு தொடரும். அந்தப் பணத்தில் இரண்டு ஆண்டு இன்ஹேலர் வாங்கலாம். அவர் அணிய என்95 முகக்கவசம் கொடுத்தோம். ஏப்ரல் வெயிலில் பத்து மணி நேரம் ஆட்டோவில் அதைப் போட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை, கைக்குட்டைக்குத் திரும்பிவிட்டார். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், பிஎம் 2.5 துகளைத் தடுக்காது.

வீடு மாற்றுவது பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவராக நான் கொடுத்திருக்க வேண்டிய முதல் ஆலோசனை, அந்தச் சாலையை விட்டு உள்ளே போய்விடுங்கள் என்பதுதான். அதைப் பேசினோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாடகை 2,000 கூட, அட்வான்ஸ் பத்து மாதம். அது ஒரு தடை. உண்மையான தடை வேறு. அம்மாவின் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் வரிசையில் காத்திருக்கும் டிரெய்லர் டிரைவர்களும் கிளீனர்களும். வண்டிகள் நகராத இரவில்தான் வியாபாரம் களைகட்டும். குழந்தைக்கு இளைப்பைக் கொண்டுவரும் அதே வரிசைதான் இன்ஹேலருக்கான பணத்தையும் கொண்டுவருகிறது. வீடு மாறினால் வண்டியை மாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து, இரவு பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டும். அல்லது புது இடத்தில் புது வாடிக்கை பிடிக்க வேண்டும்.

குடும்பம் மாறுவதில்லை என்று முடிவெடுத்தது. நாங்கள் வற்புறுத்தவில்லை. வருமானம் பாதியாகக் குறைந்த வீட்டில் முதலில் நிற்பது மருந்துதான் என்பதை வேறு குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்.

போகியும் பொங்கலும்: ஜனவரி 2023

2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைபட்டன. வடசென்னை ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு ஆண்டின் மோசமான விடியல் அது. எனவே சிறுமியையும் பாட்டியையும் மூன்று நாள் செய்யாறு பக்கம் உறவினர் வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டோம். அங்கே டயர் எரிப்பவர்கள் இல்லை. ஆனால் விறகடுப்பு இருந்தது. பொங்கலன்று காலை வாசலில் பச்சை விறகு புகைய, சிறுமிக்கு இளைப்பு வந்துவிட்டது.

எழுதிக் கொடுத்திருந்த திட்டப்படி பாட்டி நிவாரண இன்ஹேலரை இருபது நிமிட இடைவெளியில் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் சமாளித்துவிட்டார். எங்களுக்கு போன் மட்டும் வந்தது. முந்தைய ஆகஸ்டாக இருந்திருந்தால் அது நிச்சயம் மருத்துவமனைச் செலவு.

பள்ளியில் வேறு பிரச்சினை. பையில் மருந்து வைத்திருக்கக் கூடாது என்றார்கள். கடிதம் எழுதி, வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் வரவழைத்துக் காட்டியபின் அவரே மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். சாக்பீஸ் தூசி படாமலிருக்க, கரும்பலகைக்கு நேர் முன்னாலிருந்த சிறுமியின் இடத்தையும் மாற்றினார்.

அப்பாவின் நுரையீரல்: மார்ச் 2023

மார்ச்சில் ஒரு நாள் சவாரிக்கு நடுவில் அப்பா வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் இங்கே முதலில் காசநோய்தான் பார்க்க வேண்டும். சளிப் பரிசோதனையில் அது இல்லை என்று ஆனபின் ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். ஒரே மூச்சில் முதல் நொடியில் வெளிவரும் காற்று, முழு மூச்சில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும் அது சரியாகவில்லை. வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் சுமார் 60 சதவீதமே அவரிடம் மிச்சம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாகச் சிஓபிடி.

சிஓபிடி என்றாலே சிகரெட் என்று புத்தகம் சொல்லும். இவர் சிறுவயதில் விறகடுப்பு எரியும் குடிசையில் வளர்ந்தவர். பிறகு இருபது ஆண்டுகள், முன்னால் போகும் பேருந்தின் புகைக்குழாய் உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கதவில்லாத வண்டி ஓட்டியவர். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 தர (பிஎஸ் 6) எரிபொருள் வந்து, அதிலுள்ள கந்தகம் பத்து லட்சம் பங்கில் 50இலிருந்து 10ஆகக் குறைந்தது. நல்லதுதான். அதற்கு முன்பே அவர் பதினேழு ஆண்டு ஓட்டிவிட்டார், துறைமுக வரிசையில் பழைய வண்டிகள் இன்னும் நிற்கின்றன.

மகளின் அடைப்பு மருந்தால் திறக்கும். அப்பாவுடையது முழுதாகத் திறக்காது, இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். அதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வண்டி ஓட்டலாமா?" ஓட்டலாம், ஆனால் நெரிசல் சாலையில் இரவுச் சவாரியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்தோம். அங்கே வரிசையில் நின்று வாங்க அரை நாள் போகும். அரை நாள் என்றால் 350 ரூபாய். மூன்று மாதம் ஒழுங்காக வாங்கினார், அப்புறம் விட்டுவிட்டார். திரும்பப் பிடித்தது நவம்பரில்தான்.

தெருவில் நடந்தது

அந்தக் கோடையில் தெருவாசிகள் சிலர் சேர்ந்து, நிற்கும் லாரிகள் இன்ஜினை அணைக்க வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். நாங்கள் ஒரு மருத்துவக் குறிப்பு எழுதிக் கொடுத்தோம். போலீஸ்காரர்கள் சில வாரம் வந்து சத்தம் போட்டார்கள், வண்டிகள் அணைந்தன. பிறகு வருவது நின்றது, பழையபடி ஆனது. டிரைவர்களின் பக்கத்தையும் அம்மாதான் எங்களுக்குச் சொன்னார்: வரிசை எப்போது நகரும் என்று தெரியாது, நகரும்போது விட்டால் பின்னால் வருபவன் புகுந்துவிடுவான். குளிர்பதன கன்டெய்னர் என்றால் அணைக்கவே முடியாது. நேரம் குறித்து உள்ளே விடும் முறை ஒழுங்காக நடந்தால் வரிசையே இருக்காது என்பது அவர்கள் எல்லாரும் சொல்லும் தீர்வு. அது தெருவின் கையிலும் இல்லை, மருத்துவமனையின் கையிலும் இல்லை.

மறுபடி நவம்பர்

செப்டம்பரில் சிறுமி ஓடியாடிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தினசரி மருந்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் நோயாளிகளில் மிக அதிகமாக நடப்பது இதுதான். தீபாவளி வாரத்தில் இளைப்பு வந்தது, ஒருமுறை நெபுலைசர் தேவைப்பட்டது, சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. மருந்தை மறுபடி தொடங்கினோம். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால்வரை வந்து, சுவரில் பூஞ்சை பிடித்தது. அந்த மாதம் பாட்டியின் காலண்டரில் நிவாரண மருந்துக் குறிகள் வழக்கத்தைவிட அதிகம்.

2022 டிசம்பர் முதல் 2023 நவம்பர் வரையிலான கணக்கு: சிறுமியின் மருந்தும் ஸ்பேசரும் 4,300. கொசுவலை 600. நவம்பரில் கிளினிக் செலவு 900. அவளுக்காக ஆட்டோ நின்றது 5 நாள், வண்டி நின்றது 6 நாள், இழப்பு 5,900. ஆக ஓராண்டுக்கு 11,700. முந்தைய நான்கு மாதத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். கம்மலை ஜூனில் மீட்டார்கள்.

அதே நோட்டில் அப்பாவின் பக்கம் வேறுவிதமாகப் போகிறது. இரவுச் சவாரியை விட்டதிலிருந்து மாதம் 3,000 குறைந்தது. மார்ச் முதல் நவம்பர் வரை 27,000. இரண்டையும் கூட்டினால் 38,700. மகளின் நோயைக் கட்டுப்படுத்தி மிச்சம் பிடித்ததை அப்பாவின் நுரையீரல் எடுத்துக்கொண்டது.

காற்றுதான் காரணமா

ஒரு தனி ஆளின் நோய்க்கு இந்தச் சாலைதான் காரணம் என்று சொல்வது எளிதல்ல. ஆஸ்துமாவுக்குப் பரம்பரை உண்டு, இந்த வீட்டில் கொசுவர்த்தியும் விறகும் இருந்தன, சளிக்காய்ச்சலும் தூண்டும். ஆனால் எளிதல்ல என்பதற்காக எழுதாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. லண்டனில் நெரிசலான ஒரு சாலையருகே வாழ்ந்து 2013இல் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்நாட்டில் ஒரு மரணத்தில் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை. அதற்கு அவளுடைய தாயார் ஏழு ஆண்டு போராட வேண்டியிருந்தது. எங்கள் சிறுமியின் டிஸ்சார்ஜ் தாளில் 'திடீர் இளைப்பு' என்று மட்டும் இருக்கிறது. அவள் எங்கே தூங்கினாள் என்று யாரும் எழுதவில்லை.

இப்போது மாற்றியிருப்பவை

இளைப்போடு வரும் குழந்தையின் பதிவுத்தாளில் இப்போது மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: ஜன்னல் எந்தப் பக்கம், இரவில் வீட்டுக்குள் என்ன எரிகிறது, போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. குழந்தையோடு வரும் பெரியவர்களில் சாலையில் வேலை செய்பவர்கள் இருந்தால் அன்றே அவர்களையும் ஸ்பைரோமெட்ரியில் ஊதச் சொல்கிறோம். மறுநாள் வாருங்கள் என்றால் வரமாட்டார்கள். அரசு மருத்துவமனை மருந்தை நோயாளியின் சார்பில் குடும்பத்தில் ஒருவர் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ள, மருத்துவரின் கடிதத்தோடு விண்ணப்பிக்க உதவுகிறோம். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், சில இடங்களில் இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில், மருந்து எடுக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் போன் செய்து, நிறுத்தவேண்டாம் என்று சொல்கிறோம்.

2024 தொடக்கத்தில் சிறுமிக்கு இரவு இருமல் இல்லை, மருந்தின் அளவு அப்படியே தொடர்கிறது. அப்பாவின் ஊதும் அளவு முந்தைய மார்ச்சிலிருந்து மாறவில்லை. காலைப் பள்ளிச் சவாரிகளும் பகல் சவாரிகளும் மட்டும் ஓட்டுகிறார். அம்மாவின் வண்டி அதே இடத்தில்தான் நிற்கிறது.